மடக்குக் கத்தி: மூடி வைப்பது எது?

(நூலக வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேசைமேல் ஆறு கத்திகள் வைத்திருக்கிறேன். ஆறும் மடங்கிக் கிடக்கின்றன. அலகின் நீளம் எதிலும் ஒரு விரலளவுக்குச் சற்றுக் கூடவோ குறையவோதான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். கையில் எடுத்துத் திறக்கப் போனால்தான் வித்தியாசம் புரியும். ஒன்றில் நகத்தைக் கொடுத்து இழுக்க வேண்டும். ஒன்றில் கட்டைவிரலைத் துளையில் பதித்துத் தள்ள வேண்டும். இன்னொன்றில் முதுகுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் காதை ஆள்காட்டி விரலால் சுண்ட வேண்டும். அந்த மரப்பிடிக் கத்தி மழைக்காலத்தில் திறக்கவே மறுக்கும். அதை எப்படிச் சமாளிப்பது என்று பிறகு காட்டுகிறேன்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராக முப்பது ஆண்டு வேலை பார்த்தவன் நான். பையன்கள் வந்து, "சார், பாக்கெட் கத்தி ஒண்ணு வாங்கணும், எது நல்லது?" என்று கேட்பார்கள். கேட்கும்போதே எஃகைப் பற்றித்தான் கேட்பார்கள். என்ன ஸ்டீல், எத்தனை நாள் கூர் நிற்கும், துரு ஏறுமா? நியாயமான கேள்விகள்தான். ஆனால் எஃகு சுமாராக இருந்தால் வாரத்துக்கு ஒரு முறை சாணைக்கல்லில் நாலு இழுப்பு கூடுதலாக இழுத்துக்கொள்ளலாம். திறக்கும் அமைப்பு கைக்கு ஒத்துவராவிட்டால் அதற்கு வைத்தியமே கிடையாது. அந்தக் கத்தி மேசை டிராயருக்குள் போய்விடும். அப்படி டிராயரில் கிடக்கும் நல்ல எஃகுக் கத்திகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கத்தி எப்படித் திறக்கிறது என்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கடைக்காரர் கையில் அது சட்டென்று விரிவதைப் பார்த்து மயங்காதீர்கள். முதலில், இது மூடியிருக்கும்போது எது இதை மூடி வைத்திருக்கிறது என்று கேளுங்கள். அடுத்து, எந்த விரல், எவ்வளவு பலத்தில் அந்தப் பிடியை விடுவிக்கிறது என்று கேளுங்கள். கடைசியாக, திறந்தபின் அலகை நிறுத்தி வைப்பது எது என்று கேளுங்கள். மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் மாறிவிடும்.

கத்தியை மடக்கும் யோசனை புதிதல்ல. ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்ற பழைய உப்புச் சுரங்க ஊரில் கிடைத்த மடக்குக் கத்திக்கு ஏறத்தாழ 2,500 வயது. பேனாக்கத்தி என்கிறோமே, அது இறகுப் பேனாவால் எழுதிய காலத்துப் பெயர். எழுத எழுத இறகு முனை மழுங்கும். சீவிக்கொள்ளச் சின்னக் கத்தி எழுதுகிறவர் பையிலேயே இருக்கும். ஓலையில் எழுதிய நம்மவர்களிடமும் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகைகள் இருந்தன. மடக்கெழுத்தாணியை வேலை முடிந்ததும் பிடிக்குள் மடக்கிக்கொள்ளலாம். கூரான ஒன்றை உடம்போடு சேர்த்து வைத்துக்கொண்டு நடக்க வேண்டியவனுக்கு, ஐரோப்பாவானாலும் தஞ்சாவூரானாலும், தோன்றிய வழி ஒன்றுதான்.

முதல் கத்தியை எடுக்கிறேன். சிவப்புப் பிடி, வெள்ளைச் சிலுவை. மடங்கிய நிலையில் 91 மில்லிமீட்டர். உங்களில் பலர் வீட்டில் இருக்கும். சுவிட்சர்லாந்தில் ஸ்வீஸ் மாகாணத்து ஈபாக் என்ற ஊரில் கார்ல் எல்செனர் 1884-இல் பட்டறை வைத்தார். 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குப் படைவீரர் கத்தியைச் செய்து கொடுக்கத் தொடங்கினார். துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளி, தகரடப்பாவைத் திறக்க ஓர் அலகு, துளைபோட ஊசி, வெட்ட ஒரு கத்தி, அவ்வளவுதான் அதில். 1897-இல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்திதான் இந்தச் சிவப்புக் கத்திக்குத் தாத்தா. அதில் அவர் செய்த கெட்டிக்காரத்தனத்தை ஃபிட்டர் பையன்கள் கவனிக்க வேண்டும். பிடியின் முதுகில் ஓடும் எஃகுப் பட்டைதான் ஸ்பிரிங். அந்த ஒரே பட்டையின் இரண்டு பக்கத்தையும் வேலை வாங்கி, ஒருபுறம் கத்தி, மறுபுறம் தக்கைத் திருகு என்று வைத்தார். ஆறு கருவிக்கு இரண்டே ஸ்பிரிங். அதனால்தான் கத்தி பருக்காமல் கருவி பெருகியது.

அந்த முதுகு ஸ்பிரிங் என்ன செய்கிறது என்று பாருங்கள். அலகின் அடிக்கட்டையை அது எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. அடிக்கட்டையில் இரண்டு தட்டையான முகங்கள். மூடியிருக்கும்போது ஒரு முகத்தில் ஸ்பிரிங் உட்காரும். முழுக்கத் திறந்தால் மற்ற முகத்தில் உட்காரும். நடுவில் விட்டால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இழுத்துக்கொண்டு போகும். மூடி வைப்பதும் திறந்து வைப்பதும் ஒரே ஸ்பிரிங்தான். இதில் பூட்டு கிடையாது. ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் திறப்பது சுலபம். ஆனால் வேலையின் நடுவில் மடங்கிக்கொள்ளும். கடினமாக இருந்தால் நன்றாக நிற்கும். ஆனால் நகம் போய்விடும்.

நகக்குழியை அலகின் அடிக்குப் பக்கத்தில் வெட்டாமல் ஏன் தள்ளி வெட்டுகிறார்கள்? நெம்புகோல் கணக்கு. அச்சாணியிலிருந்து 4.5 சென்டிமீட்டர் தள்ளிக் குழி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே அலகை 1.5 சென்டிமீட்டர் தூரத்தில் தொட்டுத் திறக்க வேண்டுமானால் மூன்று மடங்கு பலம் தேவை. நகத்தில் பலம் குறைவு. அதனால் தூரத்தைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தூரத்துக்கு விலை, இரண்டு கையும் வேண்டும் என்பது. ஒரு கை பிடியைப் பிடிக்க, மற்றக் கை அலகை இழுக்க.

இந்த இடத்தில் என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொய்யாப்பழம் நறுக்க, மாத்திரை அட்டை வெட்ட அவருக்கு ஒரு சின்ன மடக்குக் கத்தி வாங்கிக் கொடுத்தேன். நல்ல கத்தி. ஒரு மாதம் கழித்துப் போனபோது அது சாமி மாடத்தில் மஞ்சள் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. "நகம் பிஞ்சு வருதுடா. ஒன்னத் தொறக்கச் சொல்லித்தான் வச்சிருக்கேன்" என்றார். அவர் விரலைப் பிடித்துப் பார்த்தேன். எண்பது வயது நகம். வரிவரியாக, ஓரத்தில் பிசிர் விட்டு, ஓலை போல மெல்லியதாக இருந்தது. முடக்குவாதத்தில் மூட்டும் வளைந்திருந்தது. நான் கத்தியின் கூரையும் எஃகையும் பார்த்து வாங்கினேனே தவிர, அவர் விரலைப் பார்த்து வாங்கவில்லை. பிறகு அலகில் துளைபோட்ட கத்தி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை ஒரு கையால் திறக்கவில்லை. மடியில் வைத்து, இரண்டு கையாலும்தான் திறந்தார். துளையில் விரலின் சதை உட்கார்ந்தது, நகத்துக்கு வேலையில்லை. ஒற்றைக் கையால் திறப்பதற்கென்று வந்த அமைப்பு, இரண்டு கையிலும் பலம் குறைந்தவருக்கு அப்படி உதவியது. அந்த அமைப்பை எந்த விளம்பரத்திலும் இப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை.

இரண்டாவது கத்தியில் இருக்கும் அந்தத் துளையின் கதைக்கு வருகிறேன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் சால் கிளெஸ்ஸர் என்பவரின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1981-இல் ஒரு கத்தியை வெளியிட்டது. இரண்டு புதுமைகள் அதில் சேர்ந்திருந்தன. பையின் ஓரத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப். அலகில் ஒரு வட்டத் துளை. அதுவரை பையின் அடியில் சாவி, சில்லறையோடு உருண்டுகொண்டிருந்த கத்தி மேலேறி, எடுத்த எடுப்பில் கைக்கு வரும் இடத்தில் வந்து நின்றது. துளை ஆதலால் வலக்கை, இடக்கை வேறுபாடு இல்லை. நகக்குழி பெரும்பாலும் அலகின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும்; அதுவும் வலக்கைக்காரர்களுக்கு வாகான பக்கத்தில். இங்கே இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் இருந்தால் இதை நான் விளக்கவே வேண்டாம், அனுபவித்திருப்பீர்கள்.

ஆனால் கணக்கு கணக்குத்தான். துளை அச்சாணியிலிருந்து 1.5 சென்டிமீட்டரில் இருந்தால், அலகு அரை வட்டம் சுற்றி முடிக்கக் கட்டைவிரல் ஏறத்தாழ 4.7 சென்டிமீட்டர் வளைந்து போக வேண்டும். உங்கள் கட்டைவிரலை அசைத்துப் பாருங்கள், மற்ற நான்கு விரலும் எதையோ பற்றியிருப்பதாக வைத்துக்கொண்டு. அவ்வளவுதான் எட்டும். துளையை இன்னும் தள்ளினால் விரல் எட்டாது. கிட்டக் கொண்டுவந்தால் பலம் போதாது. ஆகவே ஒற்றைக் கையால் லேசாகத் திறக்க வேண்டும் என்று முடிவு செய்தால், முதுகு ஸ்பிரிங்கின் பிடியைக் குறைத்தே ஆக வேண்டும். அலகை மூடி வைக்கும் பலம் குறைய, திறந்தபின் தாங்கும் பலத்தை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். அங்கேதான் பூட்டு வருகிறது. ஒற்றைக் கைக் கத்திகளில் மிகப் பெரும்பாலானவை பூட்டுள்ளவையாக இருப்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கைவினைஞர் செம்மைப்படுத்திய லைனர் லாக் இதற்கு நல்ல உதாரணம். இதோ, மூன்றாவது கத்தி. பிடியின் உட்புறத் தகட்டில் ஒரு நாக்கு வெட்டி, அதை உள்நோக்கி வளைத்திருக்கிறார்கள். அலகு முழுக்கத் திறந்ததும் அந்த நாக்கு நகர்ந்து அலகின் அடியில் முட்டுக் கொடுக்கும். மூடியிருக்கும்போது? அதே நாக்கில் கடுகு அளவு எஃகு உருண்டை ஒன்று பதித்திருக்கிறது. அலகில் அதற்கேற்ற ஒரு சிறு குழி. உருண்டை குழிக்குள் உட்கார்ந்திருக்கும்வரை அலகு அசையாது. முதல் தள்ளலில் உருண்டை குழியைவிட்டு ஏறிவிட்டால், அதன்பின் தடையே கிடையாது. முதுகு ஸ்பிரிங் வழி நெடுகிலும் எதிர்க்கிறது. இந்த உருண்டை வாசலில் மட்டும் நின்று எதிர்க்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் நான்காவது கத்தியின் சூட்சுமம் விளங்கும். கடைகளில் ஃபிளிப்பர் என்பார்கள். கிட் கார்சன் என்ற கத்திக் கலைஞரின் வடிவங்கள் வழியாகப் பரவலானது. அலகின் அடியில் ஒரு காது. மூடியிருக்கும்போது பிடியின் முதுகுக்கு வெளியே தலைநீட்டும். ஆள்காட்டி விரலால் அதைச் சுண்டினால் அலகு சுழன்று விரியும். ஸ்பிரிங் எதுவும் இல்லை. விரல் கொடுத்த விசை மட்டும்தான். விரிந்ததும் அதே காது கீழே வந்து, விரல் கூர்ப்பக்கம் சறுக்காமல் தடுத்து நிற்கும்.

முன்வரிசையில் இருக்கும் பாலிடெக்னிக் மாணவர்களே, ஒரு கேள்வி. இந்தக் கத்தி வேகமாகத் திறக்க, அந்த எஃகு உருண்டையின் பிடி வலுவாக இருக்க வேண்டுமா, லேசாக இருக்க வேண்டுமா? லேசாக இருக்க வேண்டும் என்றுதான் பட்டென்று தோன்றும். அது தவறு. சொடுக்குப் போட்டுப் பாருங்கள். நடுவிரலைக் கட்டைவிரல் மேல் அழுத்தி, வழுக்க விடாமல் பிடித்து, பலம் சேர்ந்தபின் விடுகிறோம். ஈர விரலில் சொடுக்கு வராது, ஏனென்றால் பலம் சேரும்முன் வழுக்கிவிடுகிறது. ஃபிளிப்பரும் அப்படியே. உருண்டை இறுக்கமாகப் பிடித்தால்தான் விரலில் பலம் சேரும். விடுபடும்போது அந்தப் பலம் முழுவதும் அலகுக்குப் போகும். பிடி தளர்வாக இருந்தால் அலகு பாதிவழியில் சோர்ந்து நின்றுவிடும். நன்றாக மூடியிருக்கும் ஃபிளிப்பர்தான் நன்றாகத் திறக்கும். கடையில் சோதிக்க வழி சொல்கிறேன். மூடிய கத்தியை அலகு வெளிவரும் பக்கம் கீழே இருக்கும்படி தலைகீழாகப் பிடித்து மணிக்கட்டை உதறுங்கள். எதிரே ஆள் இல்லாமல் பார்த்துச் செய்யுங்கள். அலகு துளியும் எட்டிப் பார்க்கக் கூடாது. எட்டிப் பார்த்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். அலகின் முனை மேல்நோக்கி இருக்கும்படி கிளிப்பில் மாட்டிக்கொண்டு, குனிந்து நிமிரும்போது அது பைக்குள் கால்வாசி திறந்திருந்தால், அடுத்துப் பைக்குள் போவது உங்கள் கை.

மரப்பிடிக் கத்திக்கு வருகிறேன். எனக்கு இதன்மேல் தனிப் பிரியம், மறைக்கவில்லை. பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கியது. எண் போட்டு விற்கிறார்கள். இது 8-ஆம் எண், அலகு 8.5 சென்டிமீட்டர். ஸ்பிரிங் இல்லை, உருண்டை இல்லை. மரப்பிடியில் ஒரு பிளவு, அதில் அலகு, குறுக்கே ஓர் ஆணி. மரத்துக்கும் எஃகுக்கும் இடையிலான உராய்வு ஒன்றுதான் அலகை மூடியும் வைக்கிறது, திறந்தும் வைக்கிறது. 1955-இல் மார்செல் ஓப்பினெல் கழுத்தில் ஒரு சுழலும் வளையத்தைச் சேர்த்தார். திறந்தபின் வளையத்தைத் திருகிவிட்டால் அலகு மடங்காது. பின்னாளில் மூடிய நிலையிலும் பூட்டும்படி அதைத் திருத்தினார்கள்.

மரம் ஈரம் குடிக்கும். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கத்தியை வெளியே எடுத்துப் போனால் பிடி உப்பி அலகை இறுக்கிக்கொள்ளும். அப்போது நகக்குழியில் நகத்தைக் கொடுத்தால் நகம்தான் வரும். சவாய்க்காரர்களிடம் இதற்கு ஒரு தட்டு உண்டு. இதோ பாருங்கள். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்புகிறேன். பிடியின் பின்நுனியை மேசை விளிம்பில் இப்படிச் சுள்ளென்று தட்டுகிறேன். அலகின் முனைப்பக்கம் ஒரு நெல்மணி அளவு மேலே வந்துவிட்டது பார்த்தீர்களா? இனி விரலால் கிள்ளி எடுத்துவிடலாம். நூறு ஆண்டுக்கு மேலாக அந்தக் கத்தியை விற்றுக்கொண்டிருக்கிறார்கள். குறையையும் அதற்குரிய கைவைத்தியத்தையும் சேர்த்தே மக்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பழகிய கைக்கு அமைப்பு எளிமையாக இருப்பதே பெரிய வசதி.

ஸ்பிரிங் விசையால் தானாகத் திறப்பவற்றைச் சீக்கிரம் சொல்லிக் கடந்துவிடுகிறேன். பட்டன் கத்தியில், அலகு எப்போதும் வெளியே வரத் துடித்துக்கொண்டே உள்ளே கிடக்கிறது. ஒரு கொக்கி மட்டும் தடுத்து நிற்கிறது. அமெரிக்கா 1958-இல் மாநிலங்களுக்கிடையே அதன் வணிகத்தைத் தடுத்தது. பிரிட்டன் 1959-இல் தடை செய்தது. தேவையே இல்லாமல் பிறந்த அமைப்பு என்று சொல்ல மாட்டேன். 1937-இல் ஜெர்மானியப் பாராசூட் வீரர்களுக்குக் கொடுத்த கத்தியில் நெம்பை அழுத்திக் கவிழ்த்தால் அலகு தன் எடையால் வெளியே இறங்கும். மரத்தில் சிக்கி ஒரு கையால் தொங்குகிறவன் மற்றக் கையால் கயிற்றை அறுக்க வேண்டும் என்பது அதன் நியாயம். நம்மில் யாருக்கும் அந்த நிலைமை இல்லை. இதற்கும் சாதாரணக் கத்திக்கும் நடுவில், பாதி தூரம் விரல் தள்ள மீதியை ஸ்பிரிங் முடித்துவைக்கும் வகை ஒன்றும் உண்டு. விரல் பலம் குறைந்தவர்களுக்கு அது உதவும் என்பார்கள். என் அனுபவத்தில் அதை மூடுவதற்கு, ஸ்பிரிங்கை மீண்டும் ஏற்ற வேண்டியிருப்பதால், திறப்பதைவிடக் கூடுதல் பலம் வேண்டும். வயதானவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

நான் சொன்ன மூன்று கேள்விகளையும் மூன்று நாட்டுச் சட்டங்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டிருப்பதைப் படித்தபோது வியந்துபோனேன். அமெரிக்கா 2009-இல் தன் பழைய சட்டத்தைத் திருத்தியது. அலகை மூடிய நிலை நோக்கி இழுக்கும் ஒரு விசை இருந்து, அதைக் கையின் பலத்தால் வென்றுதான் திறக்க வேண்டும் என்றால் அது பட்டன் கத்தி ஆகாது என்றது. எது மூடி வைக்கிறது என்பதே அங்கே கேள்வி. ஜெர்மனி 2008 முதல், ஒற்றைக் கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருக்கக் கூடாது என்றது. எப்படித் திறக்கிறது என்பது அங்கே முதல் கேள்வி. பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டம், 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு விலக்குக் கொடுத்தது. பூட்டிக்கொள்ளும் கத்தி அந்த விலக்கில் சேராது என்று அங்குள்ள நீதிமன்றம் பின்னர் தீர்ப்புச் சொன்னது. திறந்தபின் எது தாங்குகிறது என்பது அங்கே கேள்வி. நம் நாட்டு ஆயுத விதிகளின் பட்டியல் அளவைப் பார்க்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைச் சொல்லி, வீட்டு வேலை, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்தவற்றை விலக்குகிறது. பட்டனால் திறக்கும் கத்திகளுக்கென்றே டெல்லி நிர்வாகம் தனி அறிவிக்கை போட்டதும் உண்டு. வெளியூர், வெளிநாடு போகிறவர்கள் அந்தந்த இடத்து விதியைக் கேட்டுக்கொண்டு போங்கள். விமானத்தில் எந்தக் கத்தியும் கைப்பையில் கூடாது. உள்ளே அனுப்பும் பெட்டியில் போடுங்கள்.

இனி மூடுவதைப் பற்றி. என் வலது ஆள்காட்டி விரலில் இரண்டாம் கணுவுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. பத்தொன்பது வயதில், செருப்பு வாரில் ஓட்டை போட, பூட்டில்லாத பேனாக்கத்தியின் முனையைக் குத்தித் திருகினேன். தோல் கெட்டி, நான் கொடுத்த அழுத்தம் அலகின் முதுகுப் பக்கம் திரும்பியது, ஸ்பிரிங் விட்டுக்கொடுத்தது, அலகு மடங்கி விரலில் இறங்கியது. மூன்று தையல். கத்தியின் குற்றமே அல்ல. முதுகு ஸ்பிரிங் கத்தி இழுத்து வெட்டுவதற்கு. குத்தித் திருகுவதற்கு அல்ல. இது எனக்கு அப்போது யாரும் சொல்லாதது. இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

பூட்டுள்ள கத்தியில் வேலையின்போது அந்த ஆபத்து குறைகிறது. ஆனால் மூடும்போது புது ஆபத்து வருகிறது. லைனர் லாக்கை மூட, கட்டைவிரலால் நாக்கை ஒதுக்கும்போது அந்த விரல் அலகு வரும் பாதையிலேயே இருக்கிறது. அலகைச் சற்று மடக்கியதும் கட்டைவிரலை வெளியே எடுத்துவிட்டுத்தான் மீதியை மடக்க வேண்டும். முதுகில் பூட்டுள்ளவை உண்டு. 1964-இல் அமெரிக்காவின் பக் நிறுவனம் வெளியிட்ட 110 என்ற கத்தி அந்த வகையை உலகெங்கும் பிரபலமாக்கியது. அதில் முதுகை அழுத்தும்போது மற்ற விரல்கள் பிளவுக்கு எதிரே இருக்கும்; இரண்டு கையால் மூடுவதே நல்லது. குறுக்குக் கம்பிப் பூட்டு 1998-இல் பெஞ்ச்மேட் நிறுவனத்தின் வழியாக வந்தது. கம்பியைப் பின்னால் இழுத்தால் அலகு விடுபடும். விரல் எதுவும் பாதையில் இல்லை. இடக்கைக்கும் வலக்கைக்கும் ஒன்றுபோல. பூட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அப்படியானால் எதை வாங்குவது? ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டும் ஒருவரோடு ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். மடக்குக் கத்திதான் வைத்திருந்தார், நகக்குழி உள்ளது. காலையில் ஒரு முறை திறந்தார். ஒட்டுக் குச்சியை இடக்கையில் பிடித்து ஆப்பு வடிவில் இரண்டே இழுப்பில் சீவினார். கத்தியைக் கீழே வைக்கவே இல்லை. பாலித்தீன் நாடா சுற்றும்போதுகூட வலக்கையின் கடைசி இரண்டு விரலில் அது இடுங்கியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில்தான் மடக்கினார். அவருக்கு ஒற்றைக் கைத் திறப்பால் ஒரு பயனும் இல்லை. ஏணிமேல் நின்று வயரை ஒரு கையில் பிடித்துக்கொண்டிருக்கும் எலெக்ட்ரீஷியன் ஒரு நாளைக்கு முப்பது முறை திறந்து மூடுவார். அவருக்குத் துளையும் பூட்டும் கட்டாயம். சுவிஸ் ராணுவமே நூறு ஆண்டுக்கு மேல் நகக்குழியோடு இருந்துவிட்டு, 2008-ஆம் ஆண்டு மாதிரியில் ஒற்றைக் கையால் திறக்கும் நீள்துளைக்கும் பூட்டுக்கும் மாறியது.

வயல், மணல், கடற்கரை வேலை என்றால் பேரிங் போட்ட ஃபிளிப்பர் வேண்டாம். தூசி உள்ளே போய் அரைபடும். சாதாரண வெண்கல வாஷர் போட்டது போதும். எதுவானாலும் மாதம் ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் திறந்து மூடிக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அச்சாணியில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மரப்பிடியை மட்டும் தண்ணீரில் போடாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். பழம், கடிதம், பார்சல் கயிறு என்று வீட்டு வேலைக்குத்தான் வேண்டும் என்பவர்களுக்கு, விரல் நகம் நன்றாக இருந்தால், பூட்டில்லாத நகக்குழிக் கத்தியே என் தேர்வு. நகம் சரியில்லாதவர்களுக்குத் துளை போட்டது.

கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வாருங்கள். ஆறு கத்திகளும் இங்கேயே இருக்கும். பிள்ளைகள் பெரியவர்களோடு வரட்டும். அவசரப்படாமல் ஒவ்வொன்றையும் பத்து முறை திறந்து, பத்து முறை மூடிப் பாருங்கள். வலக்கையில் ஐந்து, இடக்கையில் ஐந்து. மூடும்போது உங்கள் விரல்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே மூடுங்கள். வீட்டில் வயதானவர்களுக்கு வாங்கப் போகிறீர்கள் என்றால், கடைக்கு அவர்களையும் அழைத்துப் போங்கள்.